ஒன்பது விநாடி

பண்டாரவளையில் மே மாதமும் குளிர்தான்.
பாம்பு முட்டைக்கு முப்பத்தொன்றரை வேண்டும்.
அதனால்தான் பேக்கரிக்கு மேலே அறை எடுத்தேன்.
நிசாம்தீன் நானாவின் போறணை
இரவு பதினொன்றுக்கு மூச்சுவிடத் தொடங்கினால்
விடியும்வரை என் தரை சுடும்.
"என்ன மகள் மேலே, தையலா?" என்று கேட்டார்.
தலையை ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை என்றும்
எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டல்.

தாய் வெறும் கபிலம்.
தகப்பன் சிலந்தி:
மஞ்சள் உடம்பில் கறுப்பு நூலால்
யாரோ அவசரமாய்த் தைத்துவிட்டுப் போன கோலம்.
கொழும்பிலிருந்து ருவந்த கொண்டுவந்தான்,
இரண்டு வார வாடகைக்கு.
கணக்கு எளிது, பாதிக்குப் பாதி.
ஒரு நாணயத்தை ஏழு தடவை சுண்டுவது.

ரெஜிஃபோம் பெட்டியில் ஏழு முட்டை,
ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டு.
நாற்பத்தோராம் இரவு கரண்ட் போனது.
பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கீழே இறங்கினேன்.
பாண் அடுக்கிக்கொண்டிருந்த பையன்
விலகி இடம் விட்டான்.
கேக் என்று நினைத்திருப்பான்.
நாலு மணிவரை போறணைச் சுவரோரம்
வெப்பமானியை டோர்ச்சில் பார்த்தபடி இருந்தேன்.

இதற்கு முன் நாற்றுமேடையில் வேலை.
ஒரு தாய்ச்செடி, ஒரு கணு, ஓர் இலை,
பொலித்தீன் பைகளில் ஆயிரம் கன்று.
ஆயிரமும் அவளேதான்.
பெயர்கூட இல்லை, எண்.
மூன்று வருசத்தில் ஒரு கன்றாவது
என்னைத் திடுக்கிட வைத்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் தோல் கீறியது.
நான்கு கபிலம், மூன்று சிலந்தி.
மூன்றில் ஒன்று,
அந்த மஞ்சளை நான் படத்தில்கூடக் கண்டதில்லை.
மழை விட்ட பின்னேரம்
எல்லப் பக்கத்து மலையில் ஐந்து நிமிசம் விழுமே,
அது.
ருவந்த போனில் விலை சொன்னான்.
இன்னொருக்காச் சொல்லச் சொன்னேன்.
எட்டு மாத அறை வாடகை.

பிறகுதான் தலையைக் கவனித்தேன்.
நேரே நிற்கவில்லை.
திருகி, கூரையைப் பார்த்து,
எதையோ மறந்ததுபோல் இறங்கி,
மறுபடி திருகியது.
"தகப்பனுக்கும் இருந்ததா?"
"கொஞ்சம். எல்லாச் சிலந்திக்கும் இருக்கும், அக்கே.
கோலம் வேணும் எண்டா அதுவும் வரும்."
இரண்டையும் பிரிக்க
ஒருவராலும் முடியவில்லையாம்.
நூலை உருவினால் தையலும் போகும்.

"வாங்குறவருக்கு ஒரு வீடியோ அனுப்புங்க.
நல்லதா ஒண்டு."
தாடைக்குக் கீழே பெருவிரலை வைத்தேன்.
விரல் தெரியாதபடி போனைச் சரித்தேன்.
ஒன்பது விநாடி.
அரசி மாதிரி இருந்தது.

தோல் உரித்த பிறகு முதல் இரை.
எலிக்குஞ்சை விட்டேன்.
பாய்ந்தது, காற்றைக் கடித்தது.
இன்னொரு பாய்ச்சல், பெட்டியின் சுவரை.
மூன்றாவது, தன் உடம்பையே.
எலிக்குஞ்சு ஒரு மூலையில் உட்கார்ந்து
முகம் கழுவிக்கொண்டிருந்தது.
பாவம் என்று வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
பாதிக்குப் பாதி என்று கணக்குப் பார்த்தவள் நான்தானே.
இடுக்கியால் இரையைப் பிடித்து
வாய் வரும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோனேன்.
அரை மணித்தியாலம்.

அதையும் எடுத்திருந்தேன்.
அந்த மூன்று பாய்ச்சலையும்,
வெட்டாமல், நாற்பது விநாடி.
அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
மறுநாளும் இல்லை.

கீழே மா அடிக்கும் சத்தம்.
தரை மெல்லச் சூடாகிறது.
அது என் கையில் ஏறிப் பந்தாய்ச் சுருண்டு
தலையை நடுவில் ஒளித்துக்கொண்டது.
பார்க்க அசைவே இல்லை.
உள்ளங்கையில் மட்டும் ஏதோ
நிற்காமல் தட்டிக்கொண்டிருக்கிறது.

படியடியிலிருந்து நானா கத்துகிறார்:
"லைட் எரியுது மகள், இன்னமுமா தைக்கிற?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு, நானா."