பிளாக்

பதிவேட்டில் நாலாவது கட்டம்: புகாரின் தன்மை.
பதினோரு வருஷமாக அதில்
ஒரே சொல்லை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
முதல் வாரம் அடைப்பு என்றுதான் எழுதினேன்.
டெப்போ இன்ஜினியர் பச்சை மையில் அடித்தார்:
‘பிளாக்னு போடும்மா,
மேல இருக்கறவங்களுக்குப் புரியணும்.’

மேலே புரிந்ததா, தெரியாது.
வியாசர்பாடிக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

காலை ஆறே முக்காலுக்குத் தில்ஷாத் போன் செய்வாள்.
‘மேடம், நம்ம பிளாக்குல பிளாக்கு.’
வீட்டின் மேல் வீடாக நான்கு மாடி அடுக்கி
அதற்கும் இந்தப் பெயரையே வைத்த ஹவுசிங் போர்டுக்காரர்
பின்னால் நடக்கப்போவதை அறிந்தவராக இருக்கவேண்டும்.

கணேசபுரம் சப்வேயில் மழைநீர் நின்றால் பிளாக்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் ரயில்
எதையோ யோசித்தபடி நின்றால் அதுவும்.
தியேட்டர் வாசலில் பத்து ரூபாய் டிக்கெட்டை
நாற்பதுக்கு விற்ற மோசஸ் அண்ணன்
பிளாக்கில் விற்றார்.
அது வேறு சொல், கறுப்பு என்று அர்த்தம் என
பத்தாவது படிக்கும்போது மகன் திருத்தினான்.
நான் நினைத்திருந்தது:
கவுன்ட்டருக்கும் நமக்கும் நடுவில் நின்று
வழியை மறித்து விற்பதால் அப்படிப் பெயர்.
இப்போதும் என் அர்த்தத்தில்
பெரிய பிழை இருப்பதாகத் தோன்றவில்லை.

அகராதியும் பார்த்தான்.
ஆதியில் அது ஒரு மரக்கட்டையாம்,
வெட்டிப் போட்ட அடிமரத் துண்டு.
எங்கள் குழாய்களில் இதுவரை மரக்கட்டை வந்ததில்லை.
வந்தவை தலைமுடி, ஆணுறை, பொம்மையின் ஒரு கை,
ஒரு சாக்கு மீன் செதில்,
யாரோ கிழித்தெறிந்த பட்டுச் சேலையில் பாதி.
ஜெட் வண்டி பழுதான நாள்களில்
உள்ளே இறங்கக்கூடாது என்ற போர்டின் அடியில்
ஒருவர் சட்டையைக் கழற்றுவார்.
அதற்கு என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

போன ஐப்பசி. எண்ணூர் சாலையில்
துறைமுகம் போகும் வரிசை,
முன்னே முந்நூறு கன்டெய்னர் லாரி.
முந்நூற்றோராவதில் ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார்
என் வீட்டுக்காரர், குப்புராஜ்.
கிளீனர் பையன் யாருடைய டூவீலரிலோ
அவரை நடுவில் வைத்து, சந்து சந்தாக
ஸ்டான்லிக்குக் கொண்டுவந்தான்.

சின்ன வயசு டாக்டர்.
‘ரெண்டு பிளாக் இருக்கும்மா.’
வாய் தன்னால் கேட்டது:
‘எந்தத் தெரு?’

அவர் சிரிக்கவில்லை.
ஈ.சி.ஜி. தாளின் பின்புறம் மூன்று குழாய் வரைந்தார்,
டெப்போ சுவரில் தொங்கும் வரைபடம் போலவே.
மேன்ஹோல் மட்டும் இல்லை.
மணிக்கட்டு வழியாகக் கம்பி போகும், பலூன் உப்பும்,
சின்ன ஸ்பிரிங் ஒன்று உள்ளேயே தங்கிவிடும்.
புரிந்தது என்றேன்.
நாங்கள் மூங்கில் பிளாச்சு விடுவோம் என்றேன்.

கைச்செலவுக்கு அவர் தம்பிக்கு எட்டு முறை அடித்தேன்.
ஒரு மணி ஒலித்து அறுந்தது, எட்டு முறையும்.
மகன் போனை வாங்கிப் பார்த்து
‘சித்தப்பா பிளாக் பண்ணிட்டாரும்மா’ என்றான்.
இந்த ஒன்றை மட்டும்
எனக்கு யாரும் வரைந்து காட்டவில்லை.

எட்டாம் நாள் டெப்போ. ஆறே முக்கால்.
‘இன்னா மேடம், ஒரு வாரமா ஆளையே காணோம்?’
வீட்டுக்காரருக்குப் பிளாக் என்றேன்.
‘அய்யய்யோ. எடுத்துட்டாங்களா?’
‘எடுத்துட்டாங்க.’
தில்ஷாத் மூச்சு விட்டது காதில் கேட்டது.
அவள் பின்னால் பக்கெட் தரையில் உரசியது,
ஒரு குழந்தை இருமியது.
‘நல்லது மேடம்’ என்றாள்.
‘எங்களுது இன்னும் எடுக்கல.’