வெட்டு இல்லாத மாதம்

நார்வேயில் வெல்டராய் இருக்கும் பெனட்
ஒரு படம் அனுப்பியிருந்தான்:
வெள்ளைத் தரையில் நேராக இரண்டு கோடு,
கோட்டின் முடிவில் மூக்கு சிவந்து அவன்.
காலில் பலகை கட்டிக்கொண்டு
காடுவழி வழுக்கிப் போவார்களாம், ஞாயிறுதோறும்.
நூற்றுப்பத்து கிலோமீட்டர் தடம்,
சிவப்பு, நீலம், பச்சை என்று போர்டு வேறு.
"அங்க இப்பிடி எதாவது உண்டா அக்கா?"

மணலோடையில் என்ன உண்டு.
தை முற்றினால் ரப்பர் மொட்டையாகும்.
கத்தியைத் துணியில் சுற்றி ஓட்டுக்கடியில் செருகினால்
தளிர் மூக்கும்வரை வெட்டு இல்லை.
கூலியும் இல்லை.
இலை விழும், செம்பு நிறத்தில்,
விழுந்துகொண்டே இருக்கும்,
கணுக்கால் மூடும்.
வழி எது, வழி அல்லாதது எது
கண்ணுக்குத் தெரியாது.
காலுக்குத் தெரியும்.

பத்தொன்பது வருஷமாய் என் பிளாக்கில்
முந்நூற்று நாற்பது மரம்.
ஒன்றிலிருந்து மற்றதற்கு என் கால் கீறிய கோடு.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
அதைத் தவிர எதையும் பார்த்ததில்லை.
பக்கத்து பிளாக் எனக்கு
ஒரு வெளிச்சப்புள்ளி, ஒரு இருமல்.

"சும்மாதானே இருக்கோம்,
வா, எல்லாருக்க தடத்தையும் சவுட்டிப் பாப்போம்"
என்றாள் லில்லிபுஷ்பம்.
ஒரு போத்தல் கட்டன் சாயா, அவித்த மரச்சீனி.
உப்புக்கிழி வேண்டாம், அட்டைக்கும் லீவு.

ரசலையன் தடத்தில்
பத்து மரத்துக்கு ஒரு கல்,
கல்லைச் சுற்றி பீடித் துண்டு.
மனுசன் முட்டுவலியை யாரிடமும் சொன்னதில்லை.
தங்கபாய் தடம் கயிறு பிடித்தமாதிரி,
செங்குத்துச் சரிவிலும் வளையவில்லை.
ஏழரை பஸ்ஸில் மகளை ஏற்ற வேண்டும்,
ஓடியிருக்கிறாள்.
இடக்கையன் வின்சிலாஸ்
மரங்களை எங்களுக்கு எதிராகச் சுற்றியிருந்தான்.
அவன் வழி நடந்தபோது
மலையே இடம் வலம் மாறிப்போனது,
ஒரு சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

குவார்ட்டர்ஸ் ஓரம் உதிர்ந்து கிடந்த கமுகம்பாளையை
லில்லி கொண்டுவந்தது எதற்கென்று
சரிவின் உச்சியில்தான் விளங்கியது.
காய்ந்த இலைமேல் அது போன போக்கு!
நாற்பத்தாறு வயசுக்காரி
சேலையை வாரிச் சுருட்டி உட்கார்ந்து
கீழ்வரிசை மரத்தில் கால் உதைத்து நின்றாள்.
ஒரு சிரட்டை அவள் தலையில் விழுந்தது.
பிறகு நான்.
பிறகு மறுபடியும் நான்.

மைலாறு பக்கம் போகப்போக
யாருடைய பிளாக்கிலும் சேராத ஒரு தடம்.
மரத்துக்கு மரம் போகவில்லை,
சிரட்டைகளைக் கண்டுகொள்ளவில்லை,
முட்டு நோகாத சரிவு பார்த்து
ஓடைக்கு இறங்கியது.
இலைமேல் வட்டமாய் அழுத்தம்,
சுளகு அகலம்,
அவ்வளவு பாரத்துக்கு ஆழமே இல்லை.
பெனட் இன்னொரு படம் அனுப்பியிருந்தான்:
பனியில் கால் புதையாமலிருக்க
பிரம்பு பின்னிய அகலச் செருப்பு.
இதற்கு அது பிறவியிலேயே.
பிண்டத்தில் ஆவி அடங்கவில்லை.
லில்லி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, நானும்.
வந்த காலடியிலேயே காலை வைத்து
சத்தம் வராமல் திரும்பினோம்,
இலையில் அது முடிகிற காரியமா.

ராத்திரி, பால் கணக்கு அட்டையின் முதுகில்
மகனுடைய கலர் பென்சிலால் வரைந்தேன்.
தங்கபாய் சிவப்பு. ரசலையன் நீலம்.
பச்சை வின்சிலாஸுக்கு.
என்னுடையதற்கு வந்தபோது முனை ஒடிந்தது, பேனாவால் முடித்தேன்.
படம் எடுத்து அனுப்பினேன்.

அவன் கேட்டான்:
"கீழ மூலைல ஏன் வெறுமையா விட்டிருக்க?
அங்க தடம் இல்லியா?"

உண்டு, என்று எழுதினேன்.
அது வேற ஆளுக்க பிளாக்.