இரண்டு முறைக்கு மேல் கூடாது

விடிகாலை ஐந்தே கால்.
ஈசூன் குளத்தின் மேல் இன்னும் இருட்டு.
தள்ளுவண்டியில் இருபத்தொரு குழாய்கள்,
ஊதா மூடி, மஞ்சள் மூடி, வெளிர்நீலம்.
ஏழு மணிக்குள் அத்தனையும் நிரம்பி
ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும்.

பதினான்காம் படுக்கை.
பெயரைச் சொல்லச் சொன்னேன்.
குவெக் எங் செங்.
கைப்பட்டையும் அதையேதான் சொன்னது.
பேருந்து ஓட்டிய கையாம்.
ஒரு மாதமாய் ஊசி ஏறி ஏறி
முழங்கை மடிப்பு
மங்குஸ்தான் தோல் நிறத்தில் கன்றியிருந்தது.

முதல் முறை, நரம்பு நழுவியது.
இரண்டாம் முறை
வருவதுபோல் ஒரு துளி வந்து
நின்றுவிட்டது.

"சாரி லா, மிஸ்ஸி.
என் நரம்பு ரொம்ப மோசம்" என்றார்
பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில்.

குத்தியவள் நான்.
மன்னிப்புக் கேட்டது அவர்.

இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது.
மூத்தவரை அழைத்துச் சொல்லிவிட்டு
அடுத்த படுக்கைக்கு நகரலாம்.
நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன்.
மூத்தவர் வந்து சேரும்வரை
அந்தக் கையை என்ன செய்வது என்று மட்டும்
அதில் எழுதவில்லை.

நாற்காலியை இழுத்தேன்.
ஆறு வருட வேலையில்
நான் உட்கார்ந்த தருணங்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றி
அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.
"தியா போ?"
வலிக்கிறதா என்று கேட்கத் தெரியும்.
காப்பிக்கடைக்கு வேண்டியதைக் கழித்தால்
என் ஹொக்கியன் மொத்தமே அவ்வளவுதான்.

"போ தியா."
வலிக்கவில்லையாம்.
பொய் என்று இருவருக்கும் தெரியும்.

கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது.
பத்தொன்பதாம் படுக்கையின் குழாய் எங்கே?
எடுக்கவில்லை.
துண்டு ஆறிக்கொண்டிருந்தது.
அவர் கண் மூடியிருந்தார்.
மகள் எப்போது வருவாள் என்று
நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

நூருல் ஹுடா வந்தாள்.
மேலே எழும்பி நின்ற நரம்பைத் தொட்டுப் பார்த்து
ஒரே குத்தில் மூன்று குழாயும் நிரப்பிவிட்டு,
"இதற்கா என்னை அழைத்தாய்?" என்றாள்.
திரு குவெக் விழித்து
எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார்,
எனக்குக் கொஞ்சம் முன்னதாக.

அன்று எனக்குப் பதினெட்டு நிமிடத் தாமதம்.
காரணம் எழுதும் கட்டத்தில்
'நரம்பு கிடைக்கவில்லை' என்று எழுதினேன்.
வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

மதியம் வீடு திரும்பும் பேருந்தில்
அட்டையைத் தட்டிவிட்டு நகராமல்
ஓட்டுநரின் முழங்கை மடிப்பையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

நல்ல நரம்பு.