எண்ணெய் பட்டவன்

சீனக்குடாவில் என் வேலை
தாங்கிக்குள் கோல் விட்டு ஆழம் பார்ப்பது.
இழுத்து, ஈரம் ஏறிய கோட்டைப் படித்து,
பதிவேட்டில் எழுதுவேன்.
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத மணம் என் கையில்.
"எண்ணெய்ச் சாமியார் வாறார்" என்பான்
கிண்ணியாக்காரன் ஜவ்பர்,
ஞாயிறுகளில் நான் வாசகம் வாசிப்பவன் என்பதால்.
அறியாமல் சொன்னாலும் சொல் அதுதான்:
எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து,
என் வாயில் எண்ணெய் பட்டவன்.

கொம்பைக் கவிழ்த்தார் சாமுவேல்
ஆடு மேய்த்தவன் தலையில்.
அண்ணன்மார் ஏழு பேரும் பார்த்து நின்றார்கள்.
காதுக்குள் இறங்கியிருக்கும், கண் எரிந்திருக்கும்.
மறுநாள் விடிய அவன் ஆட்டுக்குத்தான் போயிருப்பான்.
அரியணை வர எத்தனையோ வருடம்.
அதுவரை அரசன் என்பதற்கு அத்தாட்சி
தலையணையில் ஒரு கறை.

தொண்ணூற்றேழு, பெரிய வாரம்.
பெரிய கோயிலில் ஆயர் வாய் குவித்து ஊதி மந்திரித்த
மூன்று போத்தல்களைத் துவாயில் சுற்றி
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு
பாலையூற்றுக்குப் போகிறேன்.
அனுராதபுரச் சந்தியில் மறித்தான்
மீசை சரியாக முளைக்காத பையன் ஒருவன்.
"மே மொனவாத?"
"தெல்" என்றேன்.

முதல் போத்தலை மோந்தான், மூடினான்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது கிறிஸ்மா. மூடி திறந்ததும்
குங்கிலியமும் மழையும் கலந்ததுபோல் ஒரு வாசம்.
கண்ணை மூடினான்.
மணிக்கட்டில் தடவினான், காதுக்குப் பின்னால் தடவினான்,
கலியாணத்துக்குப் போகிறவன்போல.
துவக்கின் பிடியிலும் கொஞ்சம் மினுங்கியது.

இதே சந்தியில்தான் பஸ்ஸால் இறக்கினார்கள்
என் தம்பி ரொமுவால்டை.
ஏழு வருடம்.
எண்ணெய் அரப்பு வைக்க எங்களுக்கு ஒரு தலை இல்லை.
வாசனைத் தைலத்தோடு கல்லறைக்குப் போன பெண்கள்
உடல் இல்லை என்று திகைத்தபோது
பதில் சொல்ல ஒரு தூதன் இருந்தான்.
தம்பியின் மனைவி எமில்தாவுக்கு
கச்சேரியில் ஒரு படிவம்.

சவுல் தனியே குகைக்குள் வந்தபோது
தாவீதின் கையில் கத்தி.
ஆண்டவர் எண்ணெய் வைத்த தலை, தொடேன் என்று
அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தான்.
என் கையில் சைக்கிள் ஹாண்டில்.
நான் தாவீதும் இல்லை.
தன்னை அறியாத பாரசீக அரசனையும்
ஆண்டவர் அதே பெயரால் அழைத்ததாக
எசாயாவில் ஒரு பக்கம் உண்டு.
அதை எப்போதும் வேகமாக வாசித்துவிடுவேன்.

"யாருக்கு?" என்று கேட்டான், அவன் மொழியில்.
"பிறக்கிற ஆக்களுக்கு" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
"சாகிற ஆக்களுக்கு."
சிரிக்கவில்லை அவன். மூடியை இறுக்கி
துவாயை அவனே சுற்றினான்,
நான் சுற்றியதைவிட நன்றாக.

"ஒரு விரல் குறையுதே" என்றார் சுவாமி.
பதிவேட்டில் ஒருநாளும் பொய் எழுதாதவன்
"சிந்திட்டுது" என்றேன்.

அன்றிரவு எங்கோ ஒரு காவலரணில்
அவன் தலையணையிலும் கறை பட்டிருக்கும்.
அது எந்த அரசுக்கு அத்தாட்சி
என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

துவாயை எமில்தா இரண்டு தரம் தோய்த்தாள்.
மணம் போகவில்லை.
மூன்றாந் தரம் தோய்க்காமல்
ரொமுவால்டின் சேர்ட்டை அதற்குள் வைத்து மடித்தாள்.