பின்சக்கரத்தின் சொந்தப் புத்தி

கூத்தாநல்லூர் கமாலுதீன்
என் லேத்துப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது
நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
பாதித் தெருவை மறித்து நின்றது.
பேச நேரம் இருந்தது.

முப்பது வருஷத்து ஜப்பான் கார்.
சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்ததாம்.
வரி கட்டியதில் ஒரு மனைக்கட்டு போனதாம்.
சிவப்புதான், வெயில் தின்று
பழைய தபால்பெட்டி நிறத்துக்கு வந்திருந்தது.
நாலு சக்கரமும் திரும்பும் என்றார்.
பெருமையாகச் சொல்லவில்லை,
வீட்டோடு தங்கிவிட்ட மச்சானைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"முன்னால நான் ஒடிக்கிறேன் இருதயம்.
பின்னால அது தன் இஷ்டத்துக்கு ஒடிக்குது.
வேகமாப் போற வளைவுல
நடுவுல ஒரு நொடி
யாரோ இடுப்பைப் பிடிச்சு
நகர்த்தி வைக்கிற மாதிரி இருக்கு."

கேட் திறந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு போனார்.
வெண்ணாற்றங்கரை.
பாதி ரோட்டில் குறுவை நெல் காய்ந்தது,
சுற்றிலும் கல் அடுக்கி.
மீதிப் பாதியில் நாங்கள்.
மூன்றாவது வளைவில் எனக்கும் தெரிந்தது.
அவர் கை நேராய் இருந்தது.
வண்டி இன்னொரு முடிவு எடுத்தது.
அவர் திருத்தினார்.
அவர் திருத்தியதை அது திருத்தியது.
பேச்சுக்குப் பேச்சு.
கரைக்குக் கீழே தண்ணீர்
எங்களைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் புஷ்பநாதன் அடியில் படுத்துப் பார்த்தான்.
புஷ் எல்லாம் நைந்திருந்தது.
புதுசு கிடைக்காது,
கிடைத்தால் இன்னொரு மனைக்கட்டு.
"அதுக்காக, ஜப்பான்காரன் வருஷக்கணக்கா யோசிச்சு வச்சதை
நீங்க ரெண்டு பேரும்
ஒரு கம்பி போட்டுக் கட்டப்போறீங்களா?"
ஆமாம் என்றோம்.
மூணாற்றுத் தலைப்பு பக்கம் கையைக் காட்டினான்.
"தண்ணிய மூணாப் பிரிக்கலாம், சரி.
வண்டிய ரெண்டாப் பிரிச்சா ஓடாதுதான்."
எங்கள் கட்சிக்கு வந்துவிட்டான் என்று
அவனுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

மூன்று ராத்திரி.
நல்ல கெட்டி இரும்பில் ஒரு தண்டு.
ஒரு முனையில் வலம்புரி மரை,
மறுமுனையில் இடம்புரி.
நடுவில் பிடித்துத் திருகினால்
இரண்டு பக்கமும் ஒரே அளவு நீளும், குறையும்.
சீவல் சுருள் சுருளாய் நீலம் பாய்ந்து விழுந்தது.
எண்ணெய்க் குழாயை வளைத்து
வந்த வழியே திருப்பிவிட்டோம்.
நான்கு ஸ்டாண்டு நட்டு, நூல் கட்டி,
ஸ்கூல் பையன் ஸ்கேலால் அளந்தோம்.
இடது பின்சக்கரம் அரை மில்லி வெளியே.
திருகினேன்.
நூல் தொட்டும் தொடாமலும் நின்றது.

அன்று மாலை அவர் தனியாகத்தான் போனார்.
திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
"கனமா இருக்கு" என்றார்.
புஷ்பநாதன் முகம் சுருங்கியது.
"நல்ல கனம்" என்றார் பிறகு.

இழப்பு இல்லாமல் இல்லை.
கடைத்தெருவில் ஒரே வீச்சில் திரும்பிய வண்டி
இப்போது முன்னே பின்னே மூன்று தடவை.
ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள்.
அவரும் சொன்னார்.

பத்து நாள் கழித்து வந்தார்,
முன் பம்பரில் சேறு,
கதவு இடுக்கில் வைக்கோல்.
"மழை பேஞ்ச வைக்கோல் மேல
பின்பக்கம் வழுக்கிடுச்சு இருதயம்.
வாய்க்கால் ஓரம் வரைக்கும் போயிட்டேன்."
நான் சாவியைக் கீழே வைத்தேன்.
"அவசரப்பட்டது நான்தான்.
காலை எடுத்தேன், கைய நேராக்கினேன், வந்துடுச்சு.
வேற யாரும் நடுவுல வரல."
பரீட்சையில் தோற்று
விடைத்தாளைத் தானே பார்த்துவிட்டவன்போல்
சிரித்தார்.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நாங்கள் தண்டு மாட்டிய நாளிலிருந்து எரிகிறது.
"பல்பைக் கழட்டிடவா?"
"இருக்கட்டும்.
வேலை போன சேதி
அதுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரல."

கழற்றிய பழைய பாகம்
என் அலமாரியின் கீழ்த்தட்டில், சாக்கின் மேல்.
நாளைக்கு ஒரு சொட்டு
எண்ணெய் விடுகிறது.
எடைக்குப் போடச் சொன்னார்.
நான் போடவில்லை.

கேட்டில் மணி அடித்தது.
அவர் அவசரமாய்க் கிளம்பினார்,
அதற்குள் மூன்று தடவை திருப்பவேண்டும்.