முப்பத்தெட்டுப் போத்தல்

ஹாகன் நகரில் சனிக்கிழமைக் காலை.
கடை வாசலில் போத்தல் விழுங்கும் இயந்திரம்.
வட்டத் துளைக்குள் ஒவ்வொன்றாய்த் தள்ளுகிறேன்.
சுழற்றிப் பார்க்கிறது, கோடுகளைப் படிக்கிறது,
பிறகு உள்ளே எங்கோ நொறுங்கும் சத்தம்.
முப்பத்தெட்டையும் விழுங்கி
ஒரு கிராம் கூடாமல் நிற்கிறது.

பின்னால் ஒரு மனிதர்,
கையில் ஒரேயொரு பியர்ப் போத்தல்.
என் பைகளைப் பார்த்து
'வீட்டில் கொண்டாட்டமோ?' என்கிறார்.
ஓம் என்கிறேன்.

கொண்டாட்டம் இல்லை. இரண்டு கிழமை.
இவர் குடித்தது ஐந்து, மகள் தொடுவதே இல்லை.
மிச்சத்தைக் கழித்துப் பார்க்க
எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை டொக்டர் லிண்டனாவ்
எண்பத்தேழு என்று எழுதினா.
போன வருசம் எழுபத்தொன்பது.
'என்ன குடிப்பீர்கள்?'
தண்ணீர். சில நேரம் தேத்தண்ணி.
பொய் சொல்லும்போது மட்டும்
என் ஜெர்மன் பிழையில்லாமல் வருகிறது.
தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று
அவ கேட்கவில்லை.
யோகராணி வீட்டில் நாலு.
வேண்டாம் என்றால் மூன்று மாதம் முகம் பாராள்.

இரத்தத்தில் கொழுப்புக் கூடவாம்.
என் மாமியார் இதைக் கலியாணத்துக்கு மறுநாளே சொன்னா,
ஊசி குத்தாமல்.

இவர் சோற்றில் பழி போடுகிறார்.
சோறு பாவம்.
அதைத்தானே தின்று எங்கள் ஆட்கள்
ஈர்க்கில் மாதிரி இருந்தார்கள் என்கிறேன்.
அவர்கள் வயலில் நின்றார்கள் என்கிறார்.
நான் மட்டும் எங்கே இருக்கிறேன்?

மகள் அபிதாரிணி பாடப் புத்தகத்தோடு வந்து
ஒரு லீட்டருக்கு முப்பத்தைந்து சீனிக்கட்டி என்று
மேசையில் வரிசையாய் அடுக்கினாள்.
விளிம்பு வரை போனது வெள்ளை ரயில்.
பார், அம்மா, பார் என்றாள்.
பிறகு ஒன்றைக் காணவில்லை என்று
திரும்ப எண்ணினாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

வந்த வருசம், அகதி முகாமில்,
தாகம் என்பதற்குச் சொல் தெரியாது.
குழாய்த் தண்ணீருக்குப் பயம்,
போத்தல் தண்ணீர் நாக்கைக் குத்தியது.
பெட்டிக்கடையில் விரல் நீட்டிக் கேட்டேன்: கோலா.
கடைக்காரன் திருப்பிக் கேட்காமல் எடுத்துத் தந்தான்.
பெண்பாலோ ஒன்றன்பாலோ,
பால் பிசகினாலும் எவரும் சிரிக்காத ஒரு சொல்.
அன்றைக்கு எனக்கு நாற்பத்தாறு கிலோ.

இப்போது முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
மூன்று மணிக்கு எட்டாம் அறையில் மணி அடிக்கும்.
கெஸ்லிங்கைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.
நாற்பத்தாறு கிலோவால் அது முடியாது.
முடித்துவிட்டு, கையுறை கழற்றி,
அலுமாரிக்குள் ஒளித்ததைத் திறந்தால்
ஒரு சின்னப் பெருமூச்சு. என்னுடையதல்ல,
போத்தலுடையது.
நாலு மிடறு.
தூணில் சாய்ந்திருந்த உடம்பு
தானாக நிமிர்கிறது.
இந்த நாலு மிடறைத்தான் எழுதச் சொல்லுகிறா டொக்டர்,
நாளும் நேரமும் போட்டு.
மணி அடித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சரி, குற்றவாளி போத்தல்தான் என்றே வைப்போம்.
அதை ஏழாம் மாடி வரை சுமந்தது யார்?
லிஃப்ட்.

இயந்திரம் துண்டு தருகிறது:
ஒன்பது யூரோ ஐம்பது.
வெங்காயம், லீக்ஸ், பால்
எல்லாம் காசாளர் பெண்ணின் முன்னே நகர்கின்றன.
பணப்பைக்குள் விரல் விட்டுத் துண்டை நீட்டுகிறேன்.
புருவம் சுருக்கி வாசிக்கிறாள்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
எண்பத்தேழு. அடியில் டொக்டரின் கையெழுத்து.
மெல்லத் திருப்பித் தருகிறாள்:
'இது எங்களுடையது இல்லை.'

மற்றத் துண்டைத் தேடி எடுக்கிறேன்.
அதற்குள் அவள் எட்டி
வண்டியின் அடித்தட்டைப் பார்க்கிறாள்,
கீழே ஏதும் இருக்கிறதா என்று.

இருக்கிறது.