மதில் சூழாத ஊர்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தேன்,
ஒரு சொல்லை இறக்கிவைக்க.
திருத்தக் குழு கொடுத்தது மூன்று வாரம்.
எபிரெய அகராதி ஏற்காட்டு ஈரம் குடித்து
ஊதிக் கிடக்கிறது மேசையில்.

காஃபார் சுலபம்.
நாகூம் என்கிற எவனோ ஒருவனின் ஊர் கப்பர்நகூம்,
கீழே நம் கந்தம்பட்டி போல.
கிரேக்கனுக்கு அது கோமே.
வீங்கிப்போன கோமேக்கு மாற்கு
ஒரே ஒரு தடவை கோமோபோலிஸ் என்கிறான்.
பேரூராட்சி என்று போட்டுச் சிரித்து
அடித்துவிட்டேன்.

பட்டணத்தைச் சுற்றிய ஊர்களை
அவளுடைய மகள்கள் என்கிறது அந்த மொழி.
ஏற்காட்டுக்கு எத்தனை பெண்பிள்ளைகள்?
நாகலூர் வரை எண்ணினேன்,
பனி வந்து மூடியது.

சிக்கல் ஹாட்சேர்.
மதில் சூழாத ஊர்.
'ஊர்' என்று எழுதினால்
காலனி வெளியே நிற்கிறது.
'சிற்றூர்' என்றால் தாலுகா ஆபீஸ் வாசம்.
'பட்டி' என்றதும் ஆடு கத்தியது.

"என்னங்க, தனியாப் பேசறீங்க?"
உலை வைக்க வந்த பழனியாயி.
காப்பிப்பழக் கறை நகக்கண்ணில்.
லேவியராகமத்தைச் சொன்னேன்:
மதில் உள்ள பட்டணத்தில் வீட்டை விற்றால்
மீட்க ஓராண்டுதான் கெடு.
மதில் இல்லாத ஊரின் வீடு வயலுக்குச் சமம்,
எப்போதும் மீட்கலாம்,
ஐம்பதாம் வருஷம் தானாகவே திரும்பிவிடும்.

"அம்பதா?"
அரிசி களைந்த கையாலேயே விரல் மடக்கினாள்.
மாமனார் எஸ்டேட்டுக்குக் கைநாட்டு வைத்து
போன தையோடு ஐம்பத்தொன்று.

"ஆனா இப்ப மதில் இருக்குதே.
கண்ணாடிச் சில்லு பதிச்சு
ரிசார்ட்டுக்காரங்க கட்டினது.
உள்ளே எங்க வயல், வெளியே நாங்க.
எங்களது எந்தக் கணக்குல வரும்?"

புரட்டினேன்.
ஒரு அகராதி சொல்கிறது,
அந்தச் சொல்லின் வேர்: வேலியிடு.
இன்னொன்று: அங்கேயே இரு.
உலை பொங்கி அடுப்பை அணைத்தது.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
தீப்பெட்டி தேடினாள்.

குழுவுக்கு எழுதினேன்:
சொல் அமையவில்லை, இன்னும் அவகாசம் தேவை.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று போட்டேன்.